சன்னாசி சொன்ன மலாக்கா

“அது ஒன்னுமில்ல லா” என்று சன்னாசி தொண்டையைச் செருமினால் அடுத்து ஒரு பொய் வரப்போகிறது என்பது கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்கே தெரியும். தே தாரே என்கிற இழுத்த தேநீர் ஆற்றுகிறவர்கூட கையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். மலாவாத்தி குன்றில் சாம்பல் நிறக் குரங்குகளுக்கு ஆரஞ்சு நிறத்தில் குட்டி பிறக்கிறதே, அது எப்படி என்று வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு நாள் அப்பாவியாகக் கேட்டுவிட்டார். “அது ஒன்னுமில்ல லா. பொறந்த ஒடனே தாய்க்கொரங்கு மஞ்சப் பூசிக் குளிப்பாட்டிடும். மூனு மாசத்துல சாயம் போயிடும்.” கேட்டவர் தலையாட்டிக்கொண்டே போனார். ஆற்றோரத்து மின்மினிப் பூச்சிகள் எப்படி எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணைகின்றன? “ஒரே மீட்டரு லா அதுங்களுக்கு. பில்லு கவர்மெண்டு கட்டுது.”

பொய் என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். “பொய் இல்ல, வெளக்கம்” என்பார்.

வயது அறுபத்தொன்று. இருபத்தேழு வருடமாகத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். விடியுமுன் நாலே முக்காலுக்கு வண்டியை எடுத்து, தோட்டத்து முனைகளிலும் கம்பம் எனும் மலாய்க் கிராமத்துச் சந்திப்புகளிலும் நிற்கும் நாற்பது பெண்களை ஏற்றிக்கொண்டு, புக்கிட் பெருந்துங்கில் கையுறை செய்யும் இடத்திலும் வயர் சுற்றும் இடத்திலும் இறக்கிவிடுவார். சாயங்காலம் அதே நாற்பதையும் வீடு சேர்ப்பார். வெள்ளைச் சட்டை. பையில் ஒரு சீப்பு, ஒரு தைலப் புட்டி, எழுதவே எழுதாத ஒரு பேனா. தொப்பை ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். வளைவுகளில் கைக்கு அதுவும் உதவி செய்கிறது என்று பெண்கள் சிரிப்பார்கள். ஏறுகிறவர்களைத் திரும்பிப் பார்க்கமாட்டார். “மாலா, செருப்பு மாத்திட்டியா?” என்பார். “விஜயராணி, கால்ல என்னா, நொண்டுற?” என்பார். கண்ணாடியில் பார்க்காமலேயே அண்ணனுக்கு எல்லாம் தெரிகிறது என்று அவர்களுக்கு ஒரே ஆச்சரியம்.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கண்ணாடியில் பார்த்தாலும் அவருக்குத் தெரியாது. எல்லாம் படியில் விழும் செருப்புச் சத்தம்தான்.

ஒன்றரை வருடமாக வலது கண்ணுக்கு உலகம் சூடான கோப்பிக் குவளைக்குப் பின்னால் இருந்தது. ஆறு மாதமாக இடது கண்ணும் அதே குவளையை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. பஸ் ஓட்டும் லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவர் கையெழுத்து வேண்டும். மருத்துவரின் கையெழுத்துக்குச் சுவரில் தொங்கும் அட்டையின் எழுத்துகளைப் படித்துக் காட்ட வேண்டும். அந்த அட்டையைச் சன்னாசி எப்போதோ மனப்பாடம் செய்துவிட்டார். மேலிருந்து கீழாகவும் சொல்வார், கேட்டால் கீழிருந்து மேலாகவும் சொல்வார். போன முறை மருத்துவர் “அங்கிள், உங்க வயசுல இந்தக் கண்ணா!” என்று பாராட்டினார். “அது ஒன்னுமில்ல டாக்டர், தெனம் முருங்கக்கீர” என்று இவரும் விளக்கம் தந்துவிட்டு வந்தார்.

இந்த முறைதான் வம்பு. செவ்வாய்க்கிழமை போக வேண்டும். கிளினிக்கைப் பக்கத்துக் கடை வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். இருமல் மருந்து வாங்குகிற மாதிரி போய் உளவு பார்த்ததில் அட்டையையே காணோம். அதற்குப் பதில் ஒரு பெட்டிக்குள் எழுத்துகள் மாறி மாறி எரிந்துகொண்டிருந்தன. இருமல் இல்லாத சன்னாசி இருமிக்கொண்டே வெளியே வந்தார்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வாரக் கடைசியில்தான் ஷாமளா எல்லாரையும் மலாக்காவுக்குக் கிளப்பினாள். ஷாமளா ஒரே மகள். ரவாங்கில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை; எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வாள். “ரெண்டு நாளு, மூனு மியூசியம், ஆறு வேள சாப்பாடு” என்று குடும்பத்துக்கே கைப்பேசியில் அனுப்பிவிட்டாள். அவள் கணவன் வாசுவின் ஏழு பேர் போகும் கார். சன்னாசி, மனைவி கலாவதி. கூடவே கலாவதியின் தங்கை தங்கமணி.

தங்கமணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புக்கிட் பெருந்துங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் துணைத் தலைமையாசிரியை. கண்ணில் படும் எழுத்தை எல்லாம் கடைசி வரி வரை படிப்பாள். பிஸ்கட் பொட்டலத்தில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்து முடித்த பிறகுதான் பிஸ்கட் சாப்பிடுவாள். சன்னாசிக்குக் கல்யாணமான அன்று, நாதஸ்வரத்தில் இத்தனை ஓட்டை எதற்கு என்று யாரோ கேட்க, “ஊதறவரு எச்சி வெளிய போறதுக்கு லா” என்று மாப்பிள்ளை மணவறையிலிருந்தே விளக்கினார். பத்தொன்பது வயது தங்கமணி எல்லாருக்கும் கேட்கும்படி “தப்பு மாமா” என்றாள். முப்பத்து மூன்று வருடமாகியும் அந்தச் சண்டை முடியவில்லை. இரண்டு பேருக்கும் முடிக்கிற எண்ணமும் இல்லை.

சனிக்கிழமை காலை புறப்படும்போதே ஓர் அதிசயம் நடந்தது. குடும்பத்தில் எந்தக் கார் கிளம்பினாலும் கேட்காமலேயே சாவியைக் கையில் எடுத்துக்கொள்கிறவர், அன்று வாசுவின் தோளைத் தட்டி, “நீயே ஓட்டு மாப்ள. லீவுன்னா லீவு லா” என்று முன்னால் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார். கார் அமைதியாகிவிட்டது. பின்னாலிருந்து கலாவதி கையை நீட்டி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

வழி நெடுக அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. சிரம்பான் தாண்டுவதற்குள் காலடி விரிப்பு சுருண்டு மூலைக்குப் போய்விட்டது. “மாமா, நான் நல்லாத்தான் ஓட்டுறேன்” என்றான் வாசு பாவமாக. “நீ நல்லாத்தான் ஓட்டுற. ரோடுதான் சரியில்ல” என்றார்.

மலாக்காவில் முதல் வேளை, புளிப்புக் குழம்பு மீனுக்குப் பேர்போன ஒரு கடை. நாலு பக்கம் அச்சடித்த பட்டியலை நீட்டினார்கள். சன்னாசி அதைக் கண்ணியமாகத் திறந்தார், கண்ணியமாக மூடினார். “தங்கம் என்னா சாப்புடுதோ அதே எனக்கும்.”

தங்கமணி நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்து மூன்று வருடத்தில் அவள் சொன்ன எதையும் அவர் ஏற்றதில்லை. கிண்டல்தான் என்று முடிவு செய்துகொண்டு, பட்டியலில் இருப்பதிலேயே புளிப்பும் காரமும் அதிகமான திருக்கை மீனைச் சொன்னாள். புளி என்றாலே பல் கூசுகிறவர் சன்னாசி. தட்டு வந்தது. ஒரு சொல் பேசாமல் எலும்பு வரைக்கும் சாப்பிட்டார். இரண்டு கண்ணிலும் நீர் தாரை தாரையாகக் கொட்டியது.

“என்னாங்க, அழுவுறீங்க?” என்றாள் கலாவதி.

“அது ஒன்னுமில்ல லா. இந்த மீனு எனக்குத் தெரிஞ்ச ஆளு மாரியே இருக்கு.”

அடுத்த தெருவில் கோழிச்சோற்றை உருண்டை பிடித்து விற்றார்கள். ஆளாளுக்கு வரிசையில் நின்று வாங்கித் தின்றார்கள். “எங்க வீட்ல சட்டி வழிச்சு உருண்ட புடிச்சி கையில போட்டா, வேணாம்னு ஓடுவோம். இங்க வெயில்ல கியூ நிக்கிறானுங்க” என்றார் சன்னாசி. ஆனால் ஐந்து உருண்டை சாப்பிட்டார். உருண்டைக்குப் பட்டியல் படிக்க வேண்டியதில்லை.

முதல் அருங்காட்சியகம் ஆற்றோரத்தில், எப்போதோ ஒரு பெரிய வணிகர் வாழ்ந்த வீடு. உள்ளே குளிரூட்டி சிலுசிலுவென்று இருந்தது. தங்கமணி வாசலுக்கு இடப்பக்கத்து முதல் அட்டையில் தொடங்கி வரிசை பிசகாமல் படித்துக்கொண்டு வந்தாள். சன்னாசிக்கு அட்டைகள் வெள்ளைத் தீற்றல்களாகத் தெரிந்தன. அது ஒரு வகையில் வசதி. உண்மை குறுக்கே வராமல் விளக்கம் சொல்லலாம்.

ஒரு அறையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு செதுக்கு வேலைக் கட்டில் ஒன்று இருந்தது. அவ்வளவு பெரியது அவருக்கும் தெரிந்தது. “இவ்ளோ பெரிய கட்டிலு எதுக்கு தெரியுமா? புருசன் பொண்டாட்டி கோச்சிக்கிட்டா ஆளுக்கு ஒரு மொனையில படுத்துக்கறதுக்கு. சமாதானம் ஆகணும்னா விடிய விடிய நடக்கணும்.” பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பினால் ஒரு தம்பதி. கோயம்புத்தூரிலிருந்து சுற்றுலா வந்தவர்கள். கணவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் குறிப்பு நோட்டு.

“சார் இங்க கைடுங்களா?” என்றார் அவர்.

“ஆமா லா. ஆனா இன்னிக்கி லீவு. சும்மா சொல்றேன், வாங்க.”

அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும். கோயம்புத்தூர் தம்பதி பின்தொடர, ஷாமளா கைப்பேசியில் படம் பிடிக்க, சன்னாசி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். நாற்பது பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற அதே மிடுக்கு. குருவி உருவத்தில் இருந்த பாக்குவெட்டி, மருமகள் வாய் பேசினால் மாமியார் காட்டி மிரட்டும் சாதனமானது. தராசு ஒன்று, மாப்பிள்ளையின் மூளையை எடை போட்டது. பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று வாய் அகன்ற பித்தளைப் பாத்திரம் வந்தது.

“இதுதான் மொதலாளி கஞ்சி குடிச்ச கிண்ணம். வாய் எவ்ளோ அகலம் பாருங்க. கெண்டி மாரி வச்சிக்கிட்டு குடிக்கிற ஆளு இல்ல. நேரா மூஞ்சியவே உள்ள உட்டுடுவாரு.”

வங்கிக்காரர் எழுதிக்கொண்டார். தங்கமணி வந்து சேர்ந்தாள். அட்டையை ஒரு முறை படித்தாள். “மாமா, அது வெத்தல எச்சி துப்புற பாத்திரம்.”

ஒரு நொடிதான். “கஞ்சி நல்லா இல்லன்னா எங்க துப்புவாரு? அதே கிண்ணம்தான்” என்றார் சன்னாசி.

தங்கமணியால் அடக்க முடியவில்லை. அவள் சிரிப்பு படிப்படியாக மேலே ஏறி, உச்சியில் மூக்கால் ஒரு உறுமலாக முடியும். அந்த உறுமலைக் கேட்பதுதான் சன்னாசிக்கு எந்த விசேஷத்திலும் முக்கியமான வேலை. வங்கிக்காரர் குனிந்து மனைவியிடம், “மேடம் சொல்றதுதான் சரி. ஆனா எழுதி வெச்சுக்கற மாதிரி சொல்றது சாருங்க” என்றார்.

மாடிக்குப் போனார்கள். மாடி மங்கலாக இருந்தது. பழைய வீடு என்று காட்டுவதற்காக மஞ்சள் விளக்குகளாகப் போட்டிருந்தார்கள். புளிப்புக் குழம்பு வயிற்றில் தன் வேலையைத் தொடங்கிவிட்டதால், சன்னாசி கூட்டத்தை விட்டு முன்னால் போனார். கதவோரம் சொங்கோக் தொப்பியும் கோட்டும் போட்ட அதிகாரி ஒருவர் விறைப்பாக நின்றிருந்தார். அவரிடம் போய், கழிப்பறை எங்கே என்று மலாயில் மரியாதையாகக் கேட்டார்.

பதில் இல்லை.

கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். அதிகாரி அவரை மதிக்காமல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சன்னாசிக்கு நிஜமாகவே சுருக்கென்று கோபம் வந்தது. எத்தனை தொழிற்சாலைக் கேட்டில் எத்தனை காவலாளிகளைப் பார்த்தவர். “ஏன்டா, ரெண்டு தடவ கேக்குறேன், வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருக்க?” என்று நெருங்கி அவன் கையைத் தொட்டார்.

கை மெழுகு.

பின்னால் வெடித்துச் சிரித்தார்கள். ஷாமளா சிரித்த சிரிப்பில் கைப்பேசி ஆடியது. வாசு சுவரைப் பிடித்துக்கொண்டான். வங்கிக்காரர் கையே தட்டிவிட்டார். சன்னாசி கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஆனால் இருபத்தேழு வருட ஓட்டுநர். சறுக்கிய வண்டியைத் திருப்பத் தெரியும். கால்களைச் சேர்த்து நின்று பொம்மைக்கு ஒரு சல்யூட் வைத்தார். “ரொம்ப கண்டிப்பான ஆபீசரு. நமக்கெல்லாம் பதில் சொல்லமாட்டாரு” என்றார். சிரிப்பு இன்னொரு சுற்று வந்தது. அவர் காது அதில் ஒன்றைத் தேடியது. மூக்கால் உறுமும் சிரிப்பு வரவில்லை.

கழிப்பறையிலிருந்து அவர் திரும்பியபோது மற்றவர்கள் கீழே இறங்கிவிட்டிருந்தார்கள். தங்கமணி மட்டும் நின்றிருந்தாள். மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். “மாமா, அடுத்த ரூம்ல என்னா இருக்குன்னு இதுல போட்டிருக்கு. பாத்து சொல்லுங்க.”

கையை நீட்டித் தாளைத் தள்ளிப் பிடித்தார். ஏதோ வளைவாக, ஏதோ பழுப்பாக. “கப்பலு. அது ஒன்னுமில்ல லா, அந்தக் காலத்துல கப்பல்ல வர்றவன் எல்லாம் மொதல்ல இங்கதான்…”

தங்கமணி தாளை வாங்கினாள். தலைகீழாக இருந்ததை நேராகத் திருப்பி மறுபடி அவர் கையில் வைத்தாள். “செண்டோல் கடை வெளம்பரம் மாமா. ரெண்டு வாங்குனா ஒன்னு இலவசம்.”

அதே கடையில்தான் பத்து நிமிடம் கழித்து மற்ற மூன்று பேரும் செண்டோல் என்கிற தேங்காய்ப்பால் ஐஸுக்கு வரிசையில் நின்றார்கள். சன்னாசியும் தங்கமணியும் ஆற்றைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். படகு ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

“எத்தன நாளா?” என்றாள்.

“என்னா எத்தன நாளா?”

“மாமா.”

அவர் சட்டைப் பையிலிருந்த சீப்பை எடுத்து, தலை வாராமல் மறுபடி உள்ளே வைத்தார். “வலது ஒன்னர வருசம். எடது இப்பதான்.”

“லைசென்ஸ் எப்படி குடுத்தாங்க?”

அட்டையை மனப்பாடம் செய்த கதையைச் சொன்னார். சொல்லும்போதே அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. கீழிருந்து மேலாகவும் சொல்லிக் காட்டினார். வேறு நாளாக இருந்தால் தங்கமணி பத்துக்குப் பத்து போட்டிருப்பாள்.

“விடியகாத்தால நாப்பது பேர ஏத்திக்கிட்டு இருட்டுல போறீங்க.”

“ரோடு எனக்கு மனப்பாடம் தங்கம். எந்தக் குழி எங்கன்னு தெரியும்.”

“ரோடு மனப்பாடம், சரி. ரோட்ல நிக்கிற மாடும் மனப்பாடமா?”

சன்னாசி ஆற்றைப் பார்த்தார். அவருக்கு அது ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. மூன்று வாரத்துக்கு முன் விடியாத பொழுதில், ஒரு தோட்டத்துச் சந்திப்புக்கு முன்னால், விளக்கில்லாத மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓர் ஆள் ரோட்டில் வந்தான். இவர் பார்க்கவில்லை. அவன் கத்தியதைக் கேட்டுத்தான் மிதித்தார். பஸ் அவனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. பின்னால் பெண்கள் எல்லாரும் முன் இருக்கையில் முட்டிக்கொண்டு, “என்னாண்ணே?” என்று கத்தினார்கள். “நாயி லா” என்றார். அவர் சொன்னதிலேயே, விளக்கம் என்று அவராலேயே சொல்லிக்கொள்ள முடியாத பொய் அது ஒன்றுதான். அதைத் தங்கமணியிடம் சொன்னார்.

தங்கமணி பெஞ்சில் அவர் பக்கம் திரும்பினாள். “ஏன் மாமா டாக்டர்கிட்ட போவல? கண்ணுல பொரதான. எடுத்துட்டா தீந்துச்சு.”

“கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டே கத்தி போடுவானாமே. ஊசின்னாலே எனக்கு…” என்று நிறுத்தினார். நாற்பது பெண்களுக்கு அண்ணன், ஊசிக்குப் பயம். அதை இதுவரை யாருக்கும் விளக்கியதில்லை.

“எங்க தலைமையாசிரியரு போன வருசம் பண்ணிக்கிட்டாரு. கா மணி நேரம். மறுவாரம் என் நோட்டுல பதினோரு தப்பு கண்டுபுடிச்சாரு.” அவள் எழுந்துகொண்டாள். “நாளைக்குள்ள அக்காகிட்ட நீங்க சொல்லணும். இல்லன்னா நான் சொல்லிருவேன்.”

“கொழுந்தியான்னு எனக்குன்னு வந்து வாச்ச பாரு.”

“ஆமா. இன்னிக்கி கண்டிப்பான கொழுந்தியாதான்.”

செண்டோல் வந்தது. சன்னாசி அதைப் பற்றி எந்த விளக்கமும் சொல்லாமல் குடித்தார். இனிப்பு சரியில்லையோ என்று கலாவதி தன் கிண்ணத்தையும் கொடுத்துப் பார்த்தாள்.

இரண்டாவது அருங்காட்சியகத்தைக் காலில் புண் என்று சொல்லி வெளி வராந்தாவிலேயே கழித்தார். ராத்திரிச் சாப்பாட்டின்போதும் சொல்லவில்லை. இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பசியாற ஒரு தோசைக் கடைக்குப் போனார்கள். பட்டியல் கையில் தருகிற கடை இல்லை. சுவரில் உயரத்தில் பலகை. பரிமாறுகிறவர் வந்து நின்று, “என்னா சாப்புடுறீங்க அங்கிள்?” என்றார். சன்னாசி தங்கமணி பக்கம் திரும்பினார். அவள் எதையும் படிக்காமல் உப்புக் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதையே எனக்கும் என்று சொல்லிவிடலாம். அவள் மறுபடி திருக்கை மீன் தரமாட்டாள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“தம்பி, எனக்கு அந்த போர்டு தெரியல” என்றார்.

“அங்க மேல இருக்குப்பா, பேனுக்குப் பக்கத்துல” என்றாள் ஷாமளா.

“போர்டு இருக்கறது தெரியுதும்மா. எழுத்துதான் தெரியல. ஒன்னர வருசமா தெரியல.”

நடுவில் மாட்டிக்கொண்டவர் பரிமாறுகிறவர்தான். “பரவால அங்கிள், நான் சொல்றேன்” என்று, சாதா தோசை, நெய் தோசை, ரவா, வெங்காயம், பூண்டு என்று பதினான்கு தோசையையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். அவரை நிறுத்த ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒப்பித்து முடித்து, எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, “அஞ்சு சாதா போட்டுர்றேன்” என்று உள்ளே ஓடிவிட்டார்.

முதலில் பேசியது கலாவதி. “அப்ப தீவாளிக்கு நான் கட்டுன சேல நல்லாருக்குன்னு சொன்னீங்களே?”

“நல்லாத்தான இருந்திருக்கும்.”

“என்னா கலரு?”

சன்னாசிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக விளக்கம் வரவில்லை.

கலாவதியின் மூக்கு சிவந்தது. அழுகையா கோபமா என்று பக்கத்தில் இருந்த வாசுவுக்கும் தெரியவில்லை. வடையோடு தோசை வந்தது, யாரும் தொடவில்லை. பிறகு அவளுக்கே அடுத்தது உறைத்தது. குரல் இறங்கிவிட்டது. “அந்தப் பொம்பளைங்க நாப்பது பேரு தெனம் உங்கள நம்பி ஏறுறாளுங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சிமா?”

மோட்டார்காரன் கத்திய சத்தம் சன்னாசியின் காதுக்குள் ஒரு முறை கேட்டது. “செவ்வாக்கெழம டாக்டர்கிட்ட போயி உண்மைய சொல்லிட்டு, அப்பறம் தவுக்கேகிட்ட…” என்று இழுத்தார். தவுக்கே என்பது பஸ் முதலாளி.

“நாளைக்கு திங்கக்கெழம யாரு ஓட்டுறது?” என்றாள் கலாவதி. அவர் கைப்பேசியை அவளே எடுத்தாள், பெயரைத் தேடினாள், அழுத்தி அவர் காதில் வைத்தாள். “இப்பவே.”

மலாயும் தமிழும் கலந்து சன்னாசி பேசினார். நாளையிலிருந்து வேறு ஆள் போட வேண்டும், தன் கண் சரியில்லை, ஆபரேஷன் முடிந்து டாக்டர் விட்டால்தான் வருவேன். தவுக்கே என்னென்னவோ கேட்டார். இவர் “ஆமா” என்றார், “ரொம்ப நாளா” என்றார், “தப்புதான் தவுக்கே” என்றார். ஷாமளா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா யாரிடமும் தப்பு என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

வைக்கப் போனவர் மறுபடி காதில் வைத்துக்கொண்டார். “மெதுவா ஓட்டுறவனா பாத்து போடுங்க. மூனாவது ஸ்டாப்புல மாலா எப்பவும் ரெண்டு நிமிசம் லேட்டு. உட்டுட்டுப் போயிடப் போறான். ஒரு தடவ ஹாரன் அடிச்சா ஓடி வந்துடும்.”

கைப்பேசியை மேசையில் வைத்தார். தங்கமணி தன் தட்டிலிருந்த வடையை எடுத்து அவர் தட்டில் போட்டாள். வாசு, “திங்கக்கெழம லீவு போட்டுட்டு நானே கண்ணு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன் மாமா” என்றான்.

“ஊசி போடுவானா?” என்றார் சன்னாசி.

“போடுவான்” என்றாள் கலாவதி. “ரெண்டு கண்ணுக்கும். நான் பக்கத்துல நின்னு பாக்கப் போறேன்.”

வாசு முதலில் சிரித்தான். பிறகு ஷாமளா. அப்புறம் மேசைக்கு எதிர்ப்புறத்திலிருந்து படிப்படியாக மேலே ஏறிய ஒரு சிரிப்பு, மூக்கால் உறுமி முடிந்தது. ஆறிப்போன தோசையை எல்லாரும் சாப்பிட்டார்கள். வாடிக்கையாளர் மனம் மாறுவதற்குள் என்று பரிமாறுகிறவர் கேட்காமலேயே ஐந்து கோப்பி கொண்டுவந்து வைத்தார்.

மூன்றாவது அருங்காட்சியகம் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றாள் ஷாமளா. சன்னாசி ஒத்துக்கொள்ளவில்லை. “மூனுன்னு சொன்னல்ல, மூனு. நான் பாக்கலன்னா என்னா, அதுங்க என்னைப் பாக்கட்டும்” என்று முன்னால் நடந்தார். குன்றுமேல் இருந்த அந்தக் கட்டடத்தில் கப்பல் படங்களும் கிழிந்த வரைபடங்களும் நிறைய இருந்தன. தங்கமணி ஒவ்வோர் அட்டையையும் படித்தாள். அவர் பக்கத்தில் நின்று கேட்டார். இடையில் ஒரு நூறு வருடத்தை அவள் விட்டுவிட்டதாகத் தகராறு செய்தார். ஷாமளா ஒவ்வொரு படத்துக்கும் எதிரில் அவர் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள். அவர் அதைத் தட்டிவிடவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

வெளியே வந்தபோது உச்சி வெயில். வாசலிலிருந்து கீழே வெள்ளைக் கல் படிகள். வெயிலில் படி, தரை, வானம் எல்லாம் அவருக்கு ஒரே வெள்ளையாக ஒன்றோடொன்று கரைந்து கிடந்தன. வாசுவும் ஷாமளாவும் காரை எடுக்க முன்னால் போய்விட்டார்கள். தங்கமணி கடைசி அட்டையை முடிக்க உள்ளேயே நின்றிருந்தாள். கலாவதி அவருக்குப் பக்கத்தில் நின்று, தோசைக் கடையில் கட்டி வாங்கிய வடையைத் தின்றுகொண்டிருந்தாள்.

சன்னாசி முதல் படியின் விளிம்பில் நின்றார். காலால் தடவிப் பார்த்தார். ஆட்கள் இரண்டு பக்கமும் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரையும் பார்க்காமல், எதுவும் சொல்லாமல், இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

கலாவதி மிச்ச வடையை வாயில் போட்டுக்கொண்டாள். எண்ணெய் விரல்களை அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் இரண்டு இழுப்பாக அழுத்தித் துடைத்தாள். பிறகு அந்தக் கையைப் பிடித்தாள்.